இமோலாவிலிருந்து நீ அனுப்பிய படம்

கோயமுத்தூர்
மே 11

அன்புள்ள கண்ணு,

நாலு படமும் வந்தது. இமோலா ரேஸ் தடத்தில் 1994இல் மோதி இறந்துபோன ஃபார்முலா ஒன் கார் ரேஸ் சாம்பியன் சென்னா தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற அந்த வெண்கலச் சிலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிராக் ஓரக் கம்பிவேலியில் ஜனங்கள் கட்டிவிட்டுப் போன கொடிகளைப் பார்த்து உன் அம்மா, "நம்மூர்ல மரத்துல தொட்டில் கட்டற மாதிரியல்லோ இருக்குது" என்றாள்.

படத்துக்குக் கீழே நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் பத்து நாளாகப் பதில் போடவில்லை. மே 1 அன்று உன் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், சென்னா வண்டி எதனால் மோதியது என்று இத்தாலிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள், ஒருவன் வெல்டிங் என்கிறான், இன்னொருவன் டயர் என்கிறான், நீங்க லேத்காரர் ஆச்சே, நீங்க சொல்லுங்கப்பா என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் கடிதம்.

1994 மே 1 ஞாயிற்றுக்கிழமை. மே தின லீவும் அதிலேயே போச்சு என்று பட்டறைப் பையன்கள் முணுமுணுத்த வருஷம். நீ அப்போது அம்மா வயிற்றில். தெருவுக்குப் புதிதாகக் கேபிள் இழுத்திருந்தார்கள். நானும் உன் சித்தப்பாவும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவன் வழக்கம்போலக் கட்டிலில், இடது காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு.

புறப்பாட்டிலேயே ஒரு கார் ஸ்டால் ஆகி நின்று, பின்னால் வந்தது அதில் மோதி, சக்கரமும் துண்டுகளும் பறந்துபோய்ப் பார்வையாளர்கள் சிலர் மேல் விழுந்தன. ரேஸை நிறுத்தவில்லை. தடத்தைச் சுத்தம் பண்ணும் வரை எல்லாரையும் மெதுவாக்க முன்னால் போகிற சேஃப்டி காரை விட்டார்கள். அது ஒரு சாதாரண ஓப்பல் வெக்ட்ரா. அதன் வேகம் இந்த வண்டிகளுக்கு நடை மாதிரி. டயர் ஆறினால் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் வண்டி தாழும், தாழ்ந்தால் அடிவயிறு தரையில் உரசும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா. சேஃப்டி கார் விலகிய பிறகு ஏழாவது ரவுண்டு. நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் ஆறு ஆகப் பத்து பதினைந்து நிமிஷம் இருக்கும். டம்புரெல்லோ என்கிற வளைவு இடது பக்கம் வளைகிறது, சென்னாவின் வில்லியம்ஸ் கார் வளையவில்லை. ஏறக்குறைய 310 கிலோமீட்டர் வேகத்தில் தடத்தை விட்டு இறங்கியது. பிரேக் பிடித்தும் 210 வாக்கில் சுவரில் அடித்தது. வலது முன் சக்கரம் மடங்கித் திரும்பி வந்தது. சஸ்பென்ஷன் கம்பி ஒன்று ஹெல்மெட்டைத் துளைத்துவிட்டது. அந்தக் கம்பி ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் இறங்கி நடந்து போயிருப்பார் என்று இன்றைக்கும் பேசுவார்கள்.

அந்தச் சுவரை ஏன் தள்ளிக் கட்டவில்லை என்று நீ அங்கேயே நின்று பார்த்திருப்பாய். பின்னால் ஆறு, சான்டெர்னோ. 1989இல் அதே வளைவில் கெர்ஹார்ட் பெர்கர் மோதி வண்டி தீப்பிடித்து, ஆளைப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அவரும் சென்னாவும் போய் அந்த இடத்தைப் பார்த்து, ஆறு இருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திரும்பி வந்ததை பெர்கரே சொல்லியிருக்கிறார். 1995இல் செய்தார்களே! ஆறு அங்கேயேதான் இருந்தது, வளைவைத்தான் உடைத்து, வேகத்தைக் குறைக்க வைக்கிற குறுகிய திருப்பங்களாக, சிக்கேன் ஆக்கினார்கள். ஒரு ஆள் செத்தால்தான் பேனா எடுப்பார்கள் போல.

இனி வெல்டிங். காக்பிட்டில் கைக்கு இடம் போதவில்லை என்று சென்னா கேட்டார். அதற்காக ஸ்டியரிங் தண்டை வெட்டி, விட்டம் குறைந்த துண்டு ஒன்றை நடுவில் வைத்து வெல்டு செய்தார்கள். விபத்துக்குப் பிறகு அது முறிந்து கிடந்தது. முறிவில் ஃபெட்டீக் கிராக், அதாவது திரும்பத் திரும்பப் பாரம் ஏறி விழுகிற விரிசல், இருந்தது. இத்தாலியில் கேஸ் பல வருஷம் இழுத்து, 2007இல் உச்ச நீதிமன்றம் ஸ்டியரிங் தண்டு முறிந்ததுதான் காரணம், மாற்றத்தின் டிசைனும் மோசம், செய்த வேலையும் மோசம் என்று சொல்லிவிட்டது. காலக்கெடு தாண்டிப் போனதால் தண்டனை யாருக்கும் இல்லை. வண்டியை வடிவமைத்த ஏட்ரியன் நியூவி இதை ஒப்புக்கொள்வதில்லை. ஸ்டியரிங் விட்டுப் போயிருந்தால் வண்டி முன்பக்கமாக நேரே போயிருக்கும், ஆனால் முதலில் பின்பக்கம்தான் வழுக்கியது என்பது அவர் கணக்கு. பின் டயரில் பஞ்சரும் ஆகியிருக்கலாம் என்கிறார். ஆனால் அதே மனுஷன்தான், ஸ்டியரிங்கை விட, அந்த வண்டி மேல் காற்று ஓடுகிற வடிவமைப்பில் தான் பண்ணிய தப்புதான் தன்னை உறுத்துகிறது என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த ரேஸ் பற்றி வந்த பேச்சிலெல்லாம் அந்த ஒரு பேச்சுத்தான் நின்றது. கோர்ட் கேட்டது ஒன்று, ராத்திரி தூக்கம் வராமல் அவர் கணக்குப் போட்டது வேறொன்று.

உன் படத்தில் ஒரு ஆள் இல்லை. அடுத்த தடவை போனால் டம்புரெல்லோவைத் தாண்டி வில்நெவ் வளைவு வரைக்கும் நட. அங்கேதான் முந்தின நாள், சனிக்கிழமை, இன்னொரு ஓட்டுநர் ராட்சன்பெர்கர் மோதி இறந்துபோனார். ரோலண்ட் ராட்சன்பெர்கர், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் ஊர்க்காரர். ஜப்பானில் வருஷக்கணக்காக ஓட்டிப் பெயர் எடுத்து, 33 வயதில்தான் ஃபார்முலா ஒன்னுக்குள் கால் வைத்தார். சிம்டெக் என்கிற குட்டி டீம். ஐந்து ரேஸுக்குத்தான் காசு. முதல் ரேஸில் தகுதி பெறவே முடியவில்லை, இரண்டாவதில் பதினொன்றாவதாக வந்தார், மூன்றாவது இமோலா. தகுதிச் சுற்றில் ஒரு ரவுண்டில் தடம் இறங்கி ஏறியதில், வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற முன் விங் அடிபட்டது. பழுது பார்க்கிற பிட்டுக்குள் வந்திருக்கலாம். இன்னொரு ரவுண்டு பார்த்துவிடலாம் என்று போனார். முன்னூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது விங் பிய்ந்து வண்டிக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் எங்கே திருப்புவது.

அன்று சாயங்காலம் ஃபார்முலா ஒன் ரேஸ் டாக்டர் சிட் வாட்கின்ஸ் சென்னாவிடம், மூன்று தடவை சாம்பியன் ஆகிவிட்டாய், இனி என்ன நிரூபிக்க வேண்டும், விட்டுவிட்டு என்னோடு மீன் பிடிக்க வா என்று கேட்டாராம். விட முடியாது, போய்த்தான் ஆக வேண்டும் என்றாராம் சென்னா. மறுநாள் அவர் வண்டிக்குள் ஆஸ்திரியக் கொடி ஒன்று சுருட்டி வைத்திருந்தது. ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காக வீசுவதற்கு. சென்னாவின் இறுதி ஊர்வலத்துக்கு சாவோ பாலோவே திரண்டது. ரேஸ்களை நடத்துகிற உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அன்றைய தலைவர் மாக்ஸ் மோஸ்லி ராட்சன்பெர்கர் சாவுக்கு சால்ஸ்பர்க் போனார், எல்லாரும் அங்கே போய்விட்டார்கள், இவருக்கும் யாராவது போக வேண்டும் என்று. அந்த மோஸ்லியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். இது ஒன்றுக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

இன்னொரு ரவுண்டு. இதைத்தான் கண்ணு உனக்கு எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்து வந்து சேர்ந்துவிட்டேன்.

உன் சித்தப்பா கால் மோட்டார் ரூம் படியில் விழுந்து போனதில்லை. பிள்ளைகளுக்காக நான் சொல்லி வைத்த கதை அது. 1986, சோழவரம். பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் ரேஸ் நடக்கும். கோயமுத்தூரிலிருந்து லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்கப் போவோம். இவன் ஆர்.டி. 350 பைக் ஓட்டினான், நான்தான் மெக்கானிக். நல்ல கிளிப்-ஆன் ஹேண்டில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், காசு ஏது. நானே செய்தேன். ஃபோர்க்கைக் கவ்வுகிற வளையத்தை லேத்தில் கடைந்து, கைப்பிடிக் குழாயை ஆர்க் வெல்டிங்கில் ஒட்டினேன். வெல்டு மேடு அசிங்கமாகத் தெரிந்தது. கடைச் சரக்கு மாதிரி இருக்கட்டும் என்று கிரைண்டரில் வழவழவென்று மழித்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மழித்த இடத்தில் என்ன கனம் மிச்சம் இருந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

சனிக்கிழமை பிராக்டீஸ் முடிந்து வந்தவன், "இடது கை கொஞ்சம் பொதுபொதுன்னு இருக்குதுண்ணா" என்றான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டு ஓரம் பெயின்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் கீறிப் பார்த்தேன். பெயின்ட்தான் விட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெட்ராஸில் அந்நேரத்துக்கு எவன் பட்டறையைத் திறந்து வைத்திருப்பான் என்றும் சொல்லிக்கொண்டேன். காலையில் அவனிடம், "ஒண்ணுமில்லடா, ஓட்டு" என்றேன்.

நேர் ஓட்டத்தின் கடைசியில் பிரேக் பிடிக்கிற இடத்தில் உடம்புப் பாரம் முழுக்கக் கை மேல் இறங்கும். அங்கேதான் முறிந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் போச்சு. பிரேக்கை லேட்டாகப் பிடித்துவிட்டான், சின்னப் பையன், அவசரம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. முறிந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஊர் சேர்ந்ததும் காயலான் கடையில் எறிந்தேன். அதோடு ரேஸ் பக்கம் போகவில்லை. ஏன் விட்டீங்க என்று நீ கேட்ட போதெல்லாம் காசு கட்டுப்படியாகலை என்றேன். ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது சித்தப்பா மாதிரியே சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டி என்னிடம் அடி வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா. ஒரு பிள்ளை விளையாட்டுக்கு அத்தனை பலமாக அடித்தது இதனால்தான்.

இப்போது மறுபடியும் அந்த 1994 சாயங்காலம். டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஸ்டியரிங், வெல்டிங் என்ற பேச்செல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. சித்தப்பா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, "வண்டி திரும்பவே இல்லண்ணா. கைல என்னமோ உட்டுப்போயிருக்குது" என்றான். கை தன்பாட்டில் தொடையைத் தடவிக்கொண்டிருந்தது. என் பக்கம் அவன் திரும்பவில்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான்.

ஆகவே யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதே, சாமி. உன் பொறியாளர்கள் என்னை விடப் படித்தவர்கள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் சித்தப்பாவிடம் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். அவன் எதிரில் படிக்க வாய் வரவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, டயர்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அடித்து விடுவேன். உன் கைக்கு இது வந்து சேர்ந்தால் படித்தாயிற்று என்று வைத்துக்கொள்.

அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். கஸ்டம்ஸில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாரமாகக் கவலைப்படுகிறாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு. நேற்று படித்தேன். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, "பெயின்ட்டு கறுப்பு இல்லண்ணா, சில்வர்" என்றான். டீயைக் குடித்து டம்ளரை வைத்த பிறகு, "வெல்டு ஓரத்துக் கோட்டை நானுந்தான் பார்த்தேன், காலைல. சொன்னா நீ ஓட்ட உடமாட்டேன்னு சொல்லல" என்றான். அவ்வளவுதான். ராட்சன்பெர்கர் போன இடத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னான்.