மல்லேஸ்வரம் சித்திக்கு: பூப்படம், பயணப்படம், பழைய ஆல்பம்

அன்புள்ள சித்திக்கு,

நம் குடும்ப குரூப்பில் நீங்கள் போடும் படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜனவரி பிறந்தால் டபேபுயா, மாசியில் ஜக்கராண்டா, ஏப்ரலில் குல்மோஹர் என்று பெங்களூரு மரங்கள் பூக்கப் பூக்க உங்கள் படங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. நடுவில் ஊர்ப் பயணப் படங்கள், பாட்டி காலத்து ஆல்பத்திலிருந்து ஒன்றிரண்டு. உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது. எடுப்பதில் சின்னச் சின்னக் குறைகள்தான். அனுப்புகிற விதத்தில்தான் படம் பாதி போய்விடுகிறது.

முதலில் பூவைப் பார்ப்போம். இளஞ்சிவப்பு டபேபுயாவை அண்ணாந்து எடுத்தால் பின்னால் வெள்ளை வானம் வந்துவிடும். போன் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், பூங்கொத்து சாம்பல் நிறத்தில் நிழல்போல நிற்கும். இரண்டடி நகர்ந்து, பூவுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கரும்பச்சையோ நிழல் விழுந்த சுவரோ வரும்படி நில்லுங்கள். இப்போது கோளாறு தலைகீழாகும். பின்னணி இருட்டாக இருப்பதால் போன் படத்தை வெளிச்சமாக்கும், இதழ்கள் வெளுத்து ரோஸ் நிறக் காகிதம் மாதிரி ஆகிவிடும். அதற்கு வழி, பூவின் மேல் விரலை அழுத்திப் பிடிப்பது. பூட்டு போட்ட அடையாளம் வந்ததும் பக்கத்தில் திரையில் தெரியும் சூரியன் அடையாளத்தைக் கீழே இழுங்கள். இதழின் நரம்புகள் கண்ணுக்குத் தெரிகிற வரை இழுக்க வேண்டும். கொஞ்சம் இருட்டாக வந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம். வெளுத்துப்போன இதழில் நரம்பு திரும்ப வராது.

நேரமும் முக்கியம். மார்ச்சில் பெங்களூருவில் ஆறரை மணிவாக்கில் சூரியன் எழுகிறது. ஏழிலிருந்து எட்டேகால் வரை நல்ல வெளிச்சம், மாலையில் ஐந்துக்கு மேல். பதினோரு மணி வெயிலில் இதழ்கள் பளபளத்து நிறமே போய்விடும். மேகம் மூடிய நாளை வீணான நாள் என்று நினைக்க வேண்டாம், பூவுக்கு அதுதான் நல்ல நாள். நடைபாதையில் உதிர்ந்து கிடக்கும் பூவிரிப்பு வேண்டுமானால் துப்புரவுப் பணியாளர்கள் வருவதற்கு முன் போய்விட வேண்டும். குனிந்து, போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை ஒட்டி இருக்கும்படி பிடியுங்கள். நின்றபடி எடுத்தால் குப்பை மாதிரிதான் தெரியும்.

ஜக்கராண்டா தனித் தொல்லை. அந்த ஊதா நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கேமராவுக்குத் தெரிவதில்லை. நிழலில் எடுத்தால் நீலமாக வரும், மாலை வெயிலில் எடுத்தால் ரோஸ் பக்கம் சாயும். போனில் ‘ப்ரோ’ என்று ஒரு வசதி இருந்தால் அதில் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை (ஒயிட் பேலன்ஸ்), தானியங்கியிலிருந்து மாற்றி 5500 கெல்வினில் வையுங்கள். அப்போது எல்லாப் படங்களிலும் நிறம் ஒரே மாதிரி இருக்கும், கொஞ்சம் பிசகினாலும் மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். ‘விவிட்’ ஃபில்டரைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது ஜக்கராண்டாவைப் பேனா மை ஆக்கிவிடும்.

ஒற்றைப் பூவைக் கிட்டத்தில் எடுக்கும்போது உங்கள் படங்கள் மங்குகிற காரணம் கை நடுக்கம் இல்லை. இப்போதைய பெரிய போன்களின் முக்கிய கேமரா ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதைச் சரியாகக் குவிக்காது. ஒரு முழம் பின்னால் வந்து 2x (இரண்டு மடங்கு ஜூம்) வைத்து எடுங்கள். ‘போர்ட்ரைட்’ போட்டால் பின்னணி அழகாக மங்கும்தான், ஆனால் குல்மோஹரின் நீண்ட மகரந்தக் கம்பிகளில் பாதியைச் சேர்த்து அழித்துவிடும். பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். லென்ஸில் விரல் எண்ணெய் பட்டிருந்தால் வெளிச்சத்தைச் சுற்றிப் புகை மாதிரி வரும். பருத்திப் புடவை முந்தானையால் துடைத்தாலே போதும்.

இன்னொரு யோசனை. பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் 1908 முதல் 1932 வரை கண்காணிப்பாளராக இருந்த ஜெர்மானியர் க்ரும்பிகல், ஒன்று முடிய இன்னொன்று பூக்கும்படி மரவகைகளைத் தேர்ந்து நடச் செய்தார் என்பார்கள். பெங்களூருவின் பூக்காலம் இத்தனை மாதம் நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம். டபேபுயாவும் ஜக்கராண்டாவும் தென் அமெரிக்கப் பக்கத்து மரங்கள், குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. நடுவில் நம் புங்கையும் சரக்கொன்றையும். எனவே ஊர் முழுக்க அலைந்து பத்து மரத்தை எடுப்பதைவிட, உங்கள் தெருவில் ஒரே மரத்தை, ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒருமுறை எடுங்கள். டபேபுயா இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும், பூ உதிர்ந்தபின் துளிர்க்கும். மொட்டைக் கிளை, பூ, தரை நிறையப் பூ, இளந்தளிர் என்று நான்கு படம் சேர்ந்தால் அது நாற்பது தனிப்படங்களைவிடப் பேசும். நிற்கிற இடத்துக்கு அடையாளமாக ஒரு மின்கம்பத்தையோ கேட்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பயணப்படம். ரயிலில் ஏசி பெட்டி என்றால் கண்ணாடி திறக்காது. ஃப்ளாஷை அணைத்துவிட்டு, போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், உள்ளிருக்கும் விளக்கு படத்தில் வராது. பக்கத்து மரங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், தூரத்து மலையைக் குறிவையுங்கள். பயணத்தில் கோயில் கோபுரத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். சித்தப்பா பிளாட்ஃபாரத்தில் இட்லிப் பொட்டலம் பிரிப்பதை நீங்கள் எடுக்காவிட்டால் யாரும் எடுக்கப்போவதில்லை.

இனி அனுப்புவது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தைப் போட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். திரையில் பார்க்கப் போதும், பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டப் போதாது. அதைவிட மோசம், படத்துக்குள் பதிந்திருந்த தேதியும் இடமும் கழன்றுவிடும். பெறுகிறவர் ஆண்ட்ராய்டு போனில் அது IMG-20250312-WA0007 என்கிற மாதிரி ஒரு பெயரில் சேமிக்கப்படும். அந்த மார்ச் 12 படம் எடுத்த நாள் இல்லை, போனுக்கு வந்து சேர்ந்த நாள். தாத்தாவின் கல்யாணப் படம்கூட கேலரியில் போன வாரத்துப் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்து வருஷம் கழித்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

அமைப்புகளில் ‘மீடியா அப்லோட் குவாலிட்டி’யை எச்டி ஆக்குங்கள், தினசரிப் பூப்படங்களுக்கு அது போதும். பாதுகாக்க வேண்டியவற்றைக் கிளிப் அடையாளத்தைத் தொட்டு ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். படம் சுருங்காது, நீங்கள் வைத்த பெயரும் மாறாது. ஒரே ஜாக்கிரதை: அப்படி அனுப்பினால் எடுத்த இடமும் கூடவே போகும். வீட்டு மாடியில் எடுத்த செம்பருத்தியோடு வீட்டின் இருப்பிடமும் போய்விடும். குடும்பத்துக்கு என்றால் பரவாயில்லை, குடியிருப்போர் குரூப்புக்கு வேண்டாம். கேமரா அமைப்பில் இடப்பதிவை அணைத்துவிடலாம்.

கூகுள் ஃபோட்டோஸில் ஒரு பகிர்ந்த ஆல்பம் திறப்பது இன்னும் நல்லது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஜிமெயிலும் அதிலேயேதான் பங்கு கேட்கும். லிங்க் வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம் என்பதால் அதைக் கண்ட குரூப்பில் போட வேண்டாம். போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழிக்கும்போது, ஆல்பத்தில் ஏறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அந்தச் செயலிக்குள்ளேயே அழித்தால் கூகுளில் ஏறியிருப்பதும் சேர்ந்து போய்விடும்.

நாற்பது எடுத்தால் ஐந்து அனுப்புங்கள், சித்தி. கோபித்துக்கொள்ள வேண்டாம். நாற்பது வந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை, கட்டைவிரல் உயர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு வரி: எங்கே, எப்போது, யார். ‘மாமாவும் அத்தையும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. உங்களுக்கு மாமா என் பிள்ளைகளுக்கு மாமா இல்லை. முறையோடு பெயரும் வேண்டும், இடமிருந்து வலமாக. பெண்களுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் ஒன்று இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

பழைய ஆல்பத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் வாங்கிய, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பம் படங்களுக்கு எமன். பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்னும். முதலில் பக்கம் முழுவதையும் அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள், எந்தப் படம் எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல மெல்ல இழுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், ஆல்பத்தோடே ஸ்கேன் செய்யலாம். தண்ணீர் தொட்டுத் துடைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் வேண்டாம். ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது, படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும்.

தபால் அட்டை அளவுப் படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் அளவு என்றால் 1200. கடைக்காரர் 200-ல் முடித்துவிடுவார், வாயைத் திறந்து கேட்க வேண்டும். வீட்டிலேயே போனில் எடுப்பதென்றால் ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடம், ஃப்ளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே போன். சில பழைய படங்களின் மேல் தேன்கூடு மாதிரி சொரசொரப்பு இருக்கும். அதை ஸ்கேனரில் வைத்தால் புள்ளிப்புள்ளியாக வரும், ஜன்னல் வெளிச்சமே மேல்.

பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, யாரோ கிறுக்கிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்க மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தெரியும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். கேமராவில் பேட்டரி மாற்றிவிட்டுத் தேதி வைக்க மறந்தவர்கள்தான் அதிகம். புதிதாக எழுதுவதென்றால் மெத்தென்ற 4பி பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் புடைக்கும். ஃபைலுக்குப் பெயர் வருடத்திலிருந்து தொடங்கட்டும்: ‘1984-06 வேலூர் கல்யாணம்’. தானாக வரிசையில் நிற்கும்.

கூட்டப் படத்தில் யார் யாரென்று பெரியம்மாவிடம் கேட்கப் போகும்போது ஏ4-ல் பெரிதாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தலையின் மேலும் எண் போட்டுக்கொண்டு போங்கள். அவருக்கு அந்தச் சின்னப் படத்தில் முகம் தெரியாது. பெயரைச் சொல்லச் சொல்ல எண்ணுக்கு நேரே எழுதுங்கள், போனில் குரலும் பதிவாகட்டும்.

கடைசியாக, ஆல்பத்தின் பின்னட்டை உறையில் பழுப்பு நிறச் சுருள்கள் இருக்கின்றனவா பாருங்கள். அவை நெகட்டிவ்கள், ஓரத்தை மட்டும் பிடித்துத் தொடவும். ஒரு கட்டம் 36 மிமீக்கு 24 மிமீதான், 3200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் பிரிண்டில் இல்லாத விவரங்கள்கூட வரும். அவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அடுத்த மாதம் சித்தப்பா சென்னை வருகிறார் என்றால் அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள், இங்கே ஸ்கேன் செய்து திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்