விண்கல் வந்தால் முதல் பக்கம், விலகிப் போனால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அபோபிஸ் சிறுகோள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை: பூமிக்குக் கடைசி நாளா?" என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தீர்கள். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது போலும்.

உங்களுக்குத் தெரியாததா? கடைசி நாள் இல்லை என்று 2021 மார்ச்சிலேயே நாசா சொல்லிவிட்டது. ரேடாரில் அளந்து பார்த்து, இன்னும் 100 வருஷத்துக்காவது மோதாது என்று அபாயப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். சுமார் 340 மீட்டர் அகலமுள்ள அந்தக் கல், தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கி.மீ. உயரத்தில் கடந்து போகும். நம் டிவி செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன, அதைவிடக் கிட்டே! உலகின் சில பகுதிகளில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நம் நேரப்படி அது மிக நெருங்குவது 14ஆம் தேதி அதிகாலை 3 மணி வாக்கில், சித்திரை முதல் தேதி விடிவதற்கு முன்னால். இவ்வளவு அதிசயம் கையில் இருக்கும்போது பயமுறுத்தல் எதற்கு?

ஆலங்காயம் – ஜமுனாமரத்தூர் மலைத்தடத்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காவலூர் வானாய்வகத்துக்காரர்கள் என் வண்டியில் வருவார்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்துவிட்டு, காலை வண்டியில் ஜன்னலோரம் தூங்கி வழிவார்கள். மேகம் போட்டிருந்தால் முகம் சுண்டிப்போகும், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர்கூட 'அதிர்ச்சி' அடைந்து நான் பார்த்ததில்லை. உங்கள் செய்திகளில் வரும் விஞ்ஞானிகளுக்கு மட்டும் தினமும் அதிர்ச்சி, திணறல், குழப்பம்.

2016 பிப்ரவரியில் எங்கள் பக்கம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பாவம், பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்து இறந்தார் என்று முதலமைச்சரே அறிக்கை விட்டார். நீங்களும் விண்கல் என்றே எழுதினீர்கள். அந்த வாரம் என் வண்டியில் டிக்கெட் கேட்டவர்களைவிட "அடுத்தது எங்கே விழும்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒருவர் கறுப்புக் கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்களே, அதை எந்தப் பக்கத்தில் போட்டீர்கள்? நான் தேடித் தேடிப் பார்த்தேன். அப்போது எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்டிருந்தேன். அதில் முதல் வரியையும் என் ஊர்ப் பெயரையும் மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளின் கதையும் அதேதான். 2032 டிசம்பரில் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று 2025 பிப்ரவரியில் முதல் பக்கத்தில், நெருப்புப் பிழம்புப் படத்தோடு போட்டீர்கள். ஒரே வாரத்தில், கூடுதலாகப் பார்த்துக் கணக்கிட்டதில் அது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. புதுக் கல் ஒன்றைக் கண்டுபிடித்தால் ஆரம்பத்தில் அதன் பாதை சரியாகத் தெரியாது. பார்க்கப் பார்க்கத்தான் தெளியும். இதை எழுத நாலு வரி போதும். எங்கள் டீக்கடையில் இன்றைக்கும் 2032 கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "எதுக்கு வீட்டுக் கடன் வாங்கணும்?" என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. வட்டியை நீங்கள் கட்டுவீர்களா?

அத்தனை கல்லைப் பற்றியும் எழுதுகிறீர்கள், நம் கல்லைப் பற்றி ஒரு வரி வந்ததுண்டா? 1861லேயே சென்னை வானாய்வகத்திலிருந்து போக்சன் என்ற வானியலாளர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஏசியா என்று பெயர் வைத்தார். 1988 பிப்ரவரியில் இதே காவலூரிலிருந்து ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அது யாரையும் மிரட்டவில்லை, அதனால் செய்தி இல்லை போலிருக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். இனி இப்படிச் செய்தி போட்டால், எத்தனை கிலோமீட்டரில் கடக்கும், மோதும் வாய்ப்பு எவ்வளவு என்று தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள். அந்தக் கணக்கு மாறினால், மாறியதையும் அதே பக்கத்தில் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ராசிபலனில் மகரத்தை எடுத்துவிடலாம். என் ராசிதான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துனர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.