எடிட்டரின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்: லினக்ஸ் பயனர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் லினக்ஸ் பயனர் குழுக்களுக்கும் நிறுவல் முகாம் நடத்தும் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினியோடு வருபவருக்கு நீங்கள் உபுண்டுவோ மின்ட்டோ, ஏதாவது ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ (தொகுப்பு) போட்டுக் கொடுக்கிறீர்கள். பிரவுசர் ஓடுகிறது, லிப்ரெஆபீஸ் ஓடுகிறது, தமிழில் தட்டச்சு வருகிறது. அடுத்த கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "வீடியோ எடிட் பண்ண ஈஸியா ஏதாவது இருக்கா?"

அதற்கு நாம் ஆறேழு பெயர்களை அடுக்குகிறோம். கேட்டவர் வீட்டுக்குப் போய் முதல் பெயரை நிறுவி, போனில் எடுத்ததை டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இழுத்துப் போடுகிறார். படம் திக்குகிறது. பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தலைப்பில் தமிழ் உடைகிறது. லினக்ஸ் இந்த வேலைக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த மென்பொருளில் பெரிய குறை எதுவும் இல்லை. செய்ய வேண்டிய நாலைந்து அமைப்புகளைச் செய்யாமலே கொடுத்து அனுப்பினோம். அவற்றைச் செய்து கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பெயர் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: முன்னும் பின்னும் வெட்டினால் போதுமா, இல்லை தலைப்பு, இசை, இரண்டு மூன்று காட்சிகளைக் கோப்பது எல்லாம் வேண்டுமா? வெட்டினால் மட்டும் போதும் என்பவருக்கு எடிட்டரே வேண்டாம். லாஸ்லெஸ்கட் கொடுங்கள். அது வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்கிப் பதியாமல்) அப்படியே நறுக்குவதால் ஒரு மணி நேரக் கோப்பு நிமிடக் கணக்கில் முடியும், தரமும் குறையாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீஃப்ரேம் (முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃப்ரேம்) இருக்கும் இடத்தில்தான் அது சுத்தமாக வெட்டும். அதனால் குறித்த இடத்துக்குச் சற்று முன்பிருந்தே துண்டு தொடங்கலாம். இதைச் சொல்லாவிட்டால் "வெட்டே சரியா விழல" என்று திரும்பி வருவார்.

மற்றவர்களுக்கு ஒரே பெயராக நாங்கள் சொல்வது கேடென்லைவ். 2002-இல் தொடங்கி இன்றும் கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தில் சுறுசுறுப்பாக வளர்கிறது. கோப்புகளைப் போட்டுவைக்க ஒரு பெட்டி, கீழே டைம்லைன், மேலே பார்வைத் திரை என்று எங்கும் பார்த்துப் பழகிய அமைப்பு. ஷாட்கட்டும் நல்ல கருவிதான், இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே எஞ்சின். ஷாட்கட்டில் எஸ் விசை அழுத்தினால் துண்டாகும், எக்ஸ் அழுத்தினால் அந்தத் துண்டு போய் இடைவெளியும் மூடிக்கொள்ளும். தனியாக உட்கார்ந்து சின்னச் சின்ன வீடியோ செய்பவருக்கு அது போதும். ஓப்பன்ஷாட் பார்க்க எளிமை, ஆனால் டைம்லைன் நீண்டால் தளர்ந்துவிடுகிறது. பிளெண்டரின் எடிட்டர் முதல் நாளுக்கானது இல்லை.

டாவின்சி ரிசால்வை மட்டும் தயவுசெய்து கைகாட்டாதீர்கள். அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பது ஒரு பக்கம். அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 வீடியோவைத் திறக்காது, ஏஏசி ஒலியும் வராது. போன் கேமராக்கள் பெரும்பாலும் தருவதே இந்த இரண்டையும்தான். தனி கிராபிக்ஸ் கார்டு வேறு வேண்டும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவரை அங்கே அனுப்பினால் அரை நாள் பதிவிறக்கத்துக்குப் பிறகு ஒரு கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

இனி நிறுவல். டிஸ்ட்ரோவின் கிடங்கில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு. உபுண்டு 22.04-இல் கேடென்லைவ் 21.12, டெபியன் 12-இல் 22.12. ஒன்றுக்குள் ஒன்றாக டைம்லைன் வைக்கும் வசதி 23.04-இல்தான் வந்தது. க்யூடி6 என்ற புதிய அடித்தளத்துக்கு அது மாறியது 24.02-இல். ஆகவே ஃப்ளாட்ஹப் என்ற பொதுக் கிடங்கிலிருந்து ஃப்ளாட்பேக் (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் பொதி) போடுங்கள், அல்லது திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) எடுங்கள். இணையம் இல்லாத இடத்துக்கு ஆப்இமேஜ்தான் வசதி, பென்டிரைவில் கொண்டுபோய்விடலாம். இரட்டை க்ளிக் செய்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. கோப்பின் பண்புகளில் இயக்க அனுமதி தரப்பட்டிருக்காது. அல்லது ஆப்இமேஜ் ஓடத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற பொதி இருக்காது, உபுண்டு 22.04-இலிருந்து அது தானாக வருவதில்லை, 24.04-இல் அதன் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. பெயரில் கவனம் வேண்டும். வெறும் 'ஃபியூஸ்' என்ற பொதியை 22.04-இல் நிறுவினால் அது ஃபியூஸ்3-ஐக் கழற்றி, அதைச் சார்ந்த டெஸ்க்டாப் பகுதிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும்.

உதடும் குரலும் ஒட்டாத பிரச்சினைக்கு வருவோம். நாம் கேட்கும் புகார்களில் பாதி இதில்தான் அடங்கும் என்பது எங்கள் எண்ணம். போன் கேமரா விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் தானே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஃப்ரேம் வேகத்தை, சீரான வேகத்தை எதிர்பார்க்கும் எடிட்டரில் போடும்போது படம் மெல்ல மெல்ல ஒலியை விட்டு விலகுகிறது. முதல் நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாது, பத்தாவது நிமிடத்தில் பளிச்சென்று தெரியும். கேடென்லைவும் ஷாட்கட்டும் இதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று தட்டிவிடுவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. பழைய பதிப்பில் அந்தக் கேள்வி வராவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் வீடியோ தாவலுக்குப் போய் ஃப்ரேம்ரேட்டை 30 என்று வைத்து, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

கூடவே இன்னொன்று. கேடென்லைவின் இயல்பான ப்ராஜெக்ட் விநாடிக்கு 25 ஃப்ரேம். 30 ஃப்ரேம் வீடியோவை அதில் போட்டால் ஆறில் ஒரு ஃப்ரேம் காணாமல் போகும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் காட்சிகளில் அது வெட்டி வெட்டி இழுப்பதாகத் தெரியும். முதல் வீடியோவைப் போட்டதும் ப்ராஜெக்ட்டை வீடியோவுக்கு ஏற்ப மாற்றவா என்று ஒரு பெட்டி வரும், 'ஸ்விட்ச்' அழுத்தச் சொல்லுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவர்களுக்கும் இதுவே வழி, இல்லையென்றால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். போன் கேமராவின் அமைப்பில் 'ஹை எஃபிஷியன்சி' அணைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். அது இயங்கினால் எச்.265-இல் பதிவாகும், பழைய ஐ3 ப்ராசஸர் அதைப் பிரித்துக் காட்டவே மூச்சு வாங்கும். ஃபெடோரா போட்டுக் கொடுத்தால் ஆர்பிஎம் ஃப்யூஷன் கிடங்கையும் சேர்த்துவிடுங்கள். காப்புரிமைச் சிக்கலால் இந்த வீடியோ வடிவங்களைப் பிரித்துக் காட்டும் கோடெக்குகள் ஃபெடோராவோடு வருவதில்லை.

திக்கலுக்கு மருந்து ப்ராக்ஸி. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸி தாவலைத் திறந்து, 1000 பிக்சலுக்கு மேல் அகலமுள்ள வீடியோக்களுக்குத் தானாக உருவாக்கச் சொல்லிக் குறியிடுங்கள். கேடென்லைவ் ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்னப் பிரதி ஒன்றைச் செய்துகொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் பிரதியில் நடக்கும், கடைசி ரெண்டருக்கு (முடிந்த வீடியோவை ஒரே கோப்பாக எடுப்பதற்கு) மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். தரம் போய்விடுமோ என்று பயப்படுபவர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். 4 ஜிபி ராம் உள்ள கணினியிலும் இப்படி வேலை நகரும். ஆனால் இந்தப் பிரதிகள் வீட்டு அடைவில் ஒளிந்திருக்கும் கேஷ் அடைவில் சேர்ந்துகொண்டே போகும். சில மாதங்களில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஒருவர் வந்தால் முதலில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸின் 'கேஷ் டேட்டா' தாவலைத் திறந்து பாருங்கள்.

தமிழ்த் தலைப்புகள் தனிக் கவனம் கேட்பவை. தலைப்புக் கருவியில் 'கொடி' என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் சரியாக வந்து உட்கார்ந்தால் நல்லது. புள்ளிவட்டம் முளைத்தாலோ கொம்பு தனியே தொங்கினாலோ எழுத்துருவை மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ், முக்தா மலர் மூன்றையும் முன்கூட்டியே நிறுவி வைப்பது நல்லது. பாமினியில் அடித்துவைத்த பழைய தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

கேடென்லைவில் வெட்டுவதற்கு ஷிஃப்ட் ஆர், மிச்சமாகும் இடைவெளியில் வலது க்ளிக் செய்து 'ரிமூவ் ஸ்பேஸ்'. முதல் நாளுக்கு இந்த இரண்டே போதும். எஃபெக்ட் பட்டியலைத் திறந்து காட்டாதீர்கள், ஆள் மிரண்டுவிடுவார்.

ப்ராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதில் இருப்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். பென்டிரைவிலிருந்து நேரே இழுத்துப் போட்டு எடிட் செய்துவிட்டு, பென்டிரைவைக் கழற்றியதும் எல்லாம் காணோம் என்று பதறுபவர்கள் ஏராளம். முதலில் ஒரு அடைவு, அதற்குள் எல்லாக் கோப்பும், பிறகுதான் எடிட்டர் என்று பழக்குங்கள். வேறு கணினிக்குக் கொண்டுபோக ப்ராஜெக்ட் மெனுவில் 'ஆர்க்கைவ் ப்ராஜெக்ட்' இருக்கிறது, தேவையான எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்துவிடும். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

ரெண்டர் பெட்டியில் எம்பி4, எச்.264, ஏஏசி. மற்றதைத் தொட வேண்டாம். 1080 அளவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் கொடுத்தால் பத்து நிமிட வீடியோ சுமார் 600 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்ப 720 அளவும் 2 மெகாபிட்டும் போதும், அதே பத்து நிமிடம் சுமார் 150 எம்பி வரும். அதை வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் இன்னொரு தடவை நசுக்கிவிடும். இந்த இரண்டு அளவுகளையும் ப்ரீசெட்டாகச் சேமித்து, 'யூடியூபுக்கு', 'வாட்ஸ்அப்புக்கு' என்று தமிழில் பெயர் வைத்துக் கொடுத்தால் அவர் எண்களைப் பார்க்க வேண்டியதே இல்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த முகாமில் நிறுவல் மேசைக்குப் பக்கத்தில் இதற்கென ஒரு மேசை போடுங்கள். பென்டிரைவ் ஒன்றில் கேடென்லைவ் ஆப்இமேஜ், லாஸ்லெஸ்கட், ஹேண்ட்பிரேக், அந்த மூன்று எழுத்துருக்கள், இரண்டு ப்ரீசெட்டுகள் இருக்கட்டும். வந்தவரின் சொந்தப் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதை அவர் கையாலேயே கணினிக்கு மாற்றி, இரண்டு இடத்தில் வெட்டி, தமிழில் தன் பெயரைத் தலைப்பாகப் போட்டு, ரெண்டர் செய்து, திரும்பப் போனுக்கே அனுப்பிப் பார்க்கட்டும். அந்த ஒரு நிமிடம் அவர் போனில் ஓடி முடிந்த பிறகு அவரை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
லினக்ஸில் வீடியோ வேலை செய்யும் உங்கள் தோழர்கள்