அது ஹிட்லர் மெடல் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல ஒரு சிலுவை மெடல் படத்தைப் பெருசா போட்டு, நம்ம இலங்கை மலையகத்துல ஹிட்லர் மெடல் கெடைச்சிருக்கு, கோடிக்கணக்குல பெறுமதின்னு எழுதியிருந்தீங்க. பேப்பர் வந்து மூணு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள ரெண்டு பேர் மோட்டார் பைக்ல வந்து எங்க பக்கத்து லயத்துல, அதான் தோட்டத்து ஆளுக வரிசை வீட்டுல எல்லாம் பழைய மெடல் இருக்கா வெள்ளைக்காரன் சாமான் இருக்கான்னு கேட்டுத் திரியுறாங்க. அதனாலதான் ரிட்டையர் ஆகி சும்மா கெடந்த இந்த வாத்தியார் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் நீளமா போயிருக்கு, வெட்டாம போடுங்க ஐயா.

மொதல்ல, அது ஹிட்லர் மெடலே இல்லை. அதுக்குப் பேரு இரும்புச் சிலுவை, ஜெர்மன் பட்டாளத்துல குடுத்த மெடல். நீங்க போட்ட படத்தையே உத்துப் பாருங்க, மேல் கையில ஒரு கிரீடம், நடுவுல டபிள்யூ எழுத்து, கீழ் கையில 1914. அந்த டபிள்யூ, வில்ஹெல்ம்ங்கிற ஜெர்மன் சக்கரவர்த்தி, கைசர் கைசர்னு நம்ம பெரிசுக சொல்லுவாங்களே அவரோட எழுத்து. அவர் 1918ல முடியைத் துறந்து ஒல்லாந்துக்கு ஓடிட்டார், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததே 1933ல. ஹிட்லர் காலத்து இரும்புச் சிலுவைன்னா நடுவுல சாஞ்சு நிக்கிற ஸ்வஸ்திகா, கீழ 1939, கிரீடம் இருக்கவே இருக்காது. ரிப்பனும் வேற, 1914க்கு கறுப்புல வெள்ளைக் கோடு, 1939க்கு நடுவுல அகலமா சிவப்பு. இவ்வளவுதான் விசயம், ஒரு நிமிசத்துல பாத்துடலாம்.

பின்பக்கத்தைத் திருப்பினா 1813ன்னு இருக்கும், அதைப் பாத்துட்டு இருநூறு வருசத்துச் சாமான்னு துள்ளுற ஆளுகளும் இருக்காங்க. 1813ங்கிறது இந்த மெடலை மொதல்ல உண்டாக்கின வருசம், நெப்போலியனோட சண்டை போட்டப்ப பிரஷ்யாங்கிற ஜெர்மன் ராஜ்ஜியத்தோட ராஜா மூணாம் பிரெடெரிக் வில்லியம் உண்டாக்கினது. பிறகு பெரிய சண்டை வர்றப்ப எல்லாம் திரும்ப எடுத்துக் குடுத்தாங்க, 1870, 1914, 1939. முன்பக்கத்து வருசம்தான் கணக்கு. இதுல கூத்து என்னன்னா, ஹிட்லர் தன் சட்டையில குத்திக்கிட்டு திரிஞ்சதும் இதே 1914 சிலுவைதான், முதல் வகுப்பு, ரிப்பன் இல்லாம பின்னோட நெஞ்சுல குத்துறது, 1918 ஆகஸ்ட்ல கெடைச்சது. அதுக்கு சிபாரிசு பண்ணின ஆபிசர் ஒரு யூதர். யூத சிப்பாய்க ஆயிரக்கணக்குல இதே சிலுவையை வாங்கியிருக்காங்க, அவங்க நெஞ்சுல இருந்ததை எல்லாம் ஹிட்லர் கணக்குல எழுதினா அது பெரிய பாவம் ஐயா.

கோடிக் கணக்கும் தப்பு. முதல் உலகச் சண்டையில ரெண்டாம் வகுப்பு சிலுவை மட்டும் 50 லட்சத்துக்கு மேல குடுத்திருக்காங்க. பேர் விவரம், சர்டிபிகேட்டு எதுவும் இல்லாம தனியா கெடக்கிற ஒன்னு வெளிநாட்டுல பெரிய விலைக்குப் போறதே கஷ்டம். கோடின்னு எழுதினதும் பைக்காரன் லயத்துக்கு வர்றான், நம்ம ஆளுகளும் ஏதோ பொதையல் மேல படுத்திருக்கிறோம்னு நெனச்சுக்குதுக.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எங்க வீட்டுலயும் ஒன்னு இருக்கு, அதே கிரீடம் அதே டபிள்யூ.

எங்க தாத்தா ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல பங்களா அப்புவா, அதான் தொரை வீட்டு வேலையாளா இருந்தவர். 48ல சுதந்திரம் கெடைச்சு ஒன்னு ரெண்டு வருசத்துல தோட்டத்தை நடத்தின பழைய வெள்ளைக்காரத் தொரை சீமைக்குக் கப்பலேறினார், போறப்ப தாத்தாவைக் கூப்பிட்டு ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு பிஸ்கட் டின்னும் குடுத்துட்டுப் போயிருக்கார். டின்னுக்குள்ள கோட்டுப் பட்டன், தேஞ்சுபோன ஷேவிங் பிரஷ், இந்தக் கறுப்புச் சிலுவை, அதோட வெள்ளியில வட்டமா ஒரு மெடல். சிலுவையைப் பாத்த பக்கத்து காம்பராவுல, அதான் பக்கத்து லய வீட்டுல இருந்த வேதக்கார அக்கா, இது மாதா கோயில் சாமான், சும்மா டின்ல போட்டு வைக்காதீங்கன்னு வாங்கிட்டுப் போய் மாதா படத்துக்குப் பக்கத்துல ஒரு வருசம் மாட்டி வச்சிருந்துச்சாம். பிரஷ்யா ராஜாவோட மெடலுக்கு எங்க லயத்துல மெழுகுவர்த்தி எரிஞ்சிருக்கு பாருங்க.

அது திரும்பி வந்ததும் அப்பாயி பொங்கலுக்கு குத்துவிளக்கோட சேத்துப் போட்டு புளியும் சாம்பலும் வச்சு தேச்செடுத்துட்டாங்க. நடுவுல இரும்பு, அதுமேல கறுப்பு வர்ணம், சுத்தி வெள்ளி பிரேம், இதுதான் இரும்புச் சிலுவையோட அமைப்பு. புளி பட்டதும் வர்ணம் போச்சு, மலை ஈரத்துக்கு இரும்புல துரு ஏறிடுச்சு. பத்தாததுக்கு எங்கப்பா டவுன்ல ஒரு பத்தர்கிட்ட வெள்ளியான்னு பாக்கக் குடுத்திருக்கார், அந்த மனுசன் உரைகல்லுல உரசினதோட விடாம அரத்தால ஓரத்துல ஒரு இழுப்பு இழுத்துட்டார், அந்தத் தழும்பு இன்னைக்கும் இருக்கு. அதனால கையெடுத்துக் கேக்குறேன், வீட்டுல எது இருந்தாலும் தேய்க்காதீங்க, புளி வேணாம் பிராஸோ பாலிஷ் வேணாம், காஞ்ச துணியில தொடச்சு காகிதத்துல சுத்தி வைங்க போதும்.

ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு பாக்க நான் பண்ற வேலை சின்னது. பழுதான ரேடியோ ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை நடுவுல வச்சா இழுக்கணும், பிரேம்ல வச்சா இழுக்கக் கூடாது. ஓரத்தை லென்ஸ்ல பாத்தா பிரேம் ரெண்டு பாதியா செஞ்சு ஒட்டின கோடு மெல்லிசா தெரியணும். ஒரே வார்ப்புல ஊத்தின டூப்ளிகேட்ல அந்தக் கோடு இருக்காது, கிரீடமும் எழுத்தும் கரைஞ்ச சோப்பு மாதிரி மொழுமொழுன்னு இருக்கும். ரிப்பன் கோக்கிற வளையத்துல சிலதுல குட்டியா எழுத்து இருக்கும், அது செஞ்ச பட்டறையோட முத்திரை. ஆனா காந்தத்தை மட்டும் நம்பி தூக்கிப் போட்டுடாதீங்க, காந்தம் இழுக்காத உலோகத்துல செஞ்ச உண்மையான சிலுவையும் இருக்கு.

என் தங்கச்சி மகன் ஜெர்மன்ல இருக்கான், அவன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னதும் ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில வாங்கி இன்னொரு சிலுவை அனுப்பினான். பித்தளை நிறம், கத்தி ரெண்டு குறுக்கே, நடுவுல இலை வளையத்துக்குள்ள 1914 1918. நான்கூட முதல்ல கைசர் காலத்துச் சாமான்னுதான் நெனச்சேன், தேடிப் படிச்சாத்தான் தெரியுது அது 1934ல ஹிண்டன்பர்க் ஜனாதிபதியா இருந்தப்ப உண்டாக்கினது, பழைய சண்டைக்குப் போனவங்களுக்கு பிறகு குடுத்தது. வருசம் 1914ன்னு இருந்தும் அது ஹிட்லர் ஆட்சியில அடிச்சது, ஸ்வஸ்திகாவும் இல்லை! நான் உங்களைக் குத்தம் சொல்ற வாயால என்னையும் சொல்லிக்கிறேன். சண்டை போட்டவனுக்கு கத்தியோட, சண்டை போடாதவனுக்கு கத்தி இல்லாம, புருசனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவங்களுக்கு கறுப்பு நிறத்துல. மொத்தம் 80 லட்சம் கிட்ட குடுத்திருக்காங்களாம், அதனாலதான் பயலுக்கு டீ குடிக்கிற காசுல கெடைச்சிருக்கு. ஸ்வஸ்திகா இருக்கிற மெடலை அங்க வெளியில பரப்பி வைக்கிறது சட்டப்படி குத்தம், அதுமேல ஸ்டிக்கர் ஒட்டித்தான் வச்சிருப்பாங்கன்னும் சொன்னான்.

சரி, ஜெர்மன் மெடல் நம்ம தேயிலை மலைக்கு எப்படி வந்துச்சு. உங்க நிருபர், தியத்தலாவையில அடைச்சு வச்சிருந்த ஹிட்லர் சிப்பாயோடதுன்னு எழுதியிருக்கார். ரெண்டாம் சண்டையில தியத்தலாவை முகாம்ல ஜெர்மன்காரங்க இருந்தது உண்மைதான், ஆனா அவங்க இங்க இருந்த வியாபாரிக, கப்பல்காரங்க, பிக்குமார். ஞானதிலோக தேரர்னு பேர்போன ஜெர்மன் பிக்கு அங்கதான் இருந்தார், முதல் சண்டையிலயும் அவரை அதே தியத்தலாவையில போட்டிருந்தாங்க, ரெண்டாவது தடவை 1942ல இந்தியாவுல இருக்கிற டேராடூனுக்கு மாத்திட்டாங்க. அந்த வியாபாரிகள்ல யாராவது வயசாளி வாலிபத்துல வாங்கின 1914 சிலுவையைப் பெட்டியில வச்சிருந்திருக்கலாம், அதை நான் இல்லைங்கல. எங்க ஊர் கடை முதலாளி ஒருத்தர் இது எம்டன் கப்பல்காரனோடதுன்னு அடிச்சுச் சொல்றார். எம்டன் 1914 செப்டம்பர்ல மெட்ராஸ்ல குண்டு போட்ட ஜெர்மன் சண்டைக் கப்பல், இன்னைக்கும் நாம கெட்டிக்கார வம்பனை அவன் பெரிய எம்டன்டாங்கிறோம். நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவுல அது அடிபட்டதும் பிடிபட்டவங்களை கொழும்பு வழியாத்தான் கொண்டுபோனாங்க. ஆனா மாசக்கணக்கா நம்ம சமுத்திரத்துல ஓடி ஒளிஞ்சு திரிஞ்ச கப்பலுக்கு யார் போய் மெடலைக் குத்தினது? கேப்டன் முல்லருக்கு நீல நிறத்துல பெரிய மெடல் ஒன்னு, பூர் லெ மெரிட்னு பிரெஞ்சுப் பேரு, அது கெடைச்சதே 1918ல. அதனால கடைக்காரர் கதை கேக்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

எனக்குத் தோணுறது, தொரைமாரே கொண்டுவந்திருப்பாங்க. 1900லயே தோட்டத் தொரைமாருக்குன்னு கண்டியில தலைமையிடம் வச்சு பிளாண்டர்ஸ் ரைபிள்ஸ்னு ஒரு படை இருந்துச்சு, 1914 அக்டோபர்ல 230 பேர் கிட்ட எகிப்துக்குக் கப்பலேறி, துருக்கியில கலிப்போலிச் சண்டையிலயும் இருந்தாங்க. பிறகு பல பேர் பிரிட்டிஷ் பட்டாளத்துல ஆபிசரா போயிட்டாங்க. செத்தவன், பிடிபட்டவன் சட்டையில இருந்து மெடலைக் கழட்டி நெனவுக்கு வச்சுக்கிறது சிப்பாய்க பழக்கம்.

எங்க தொரை அப்படிப் போனவரான்னு என்னால சொல்ல முடியல, ஏன்னா அவர் பேரே எங்களுக்குத் தெரியாது. தோட்டத்துல பெரிய கங்காணியில இருந்து கொழுந்து எடுக்கிற பிள்ளைக வரைக்கும் அவர் கொக்குத் தொரைதான், காலு நீளமாம். ஜெர்மன் சிலுவையில வாங்கினவன் பேர் போடுற வழக்கமில்லை, யாராவது சொந்தச் செலவுல வெட்டியிருந்தா உண்டு, இல்லைன்னா அது ஊமை. ஆனா டின்ல இருந்த அந்த வெள்ளி வட்டம் இருக்கே! சாகுறதுக்கு முந்தி தாத்தா அதைப் பத்தி சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் துணியில்லாத ஒருத்தன் குதிரை மேல, அப்பாயி பாத்துட்டு சீன்னு திருப்பி வச்சாங்களாம். ரொம்ப வருசம் கழிச்சுத்தான் அது பிரிட்டிஷ் வார் மெடல்னு கண்டுபிடிச்சேன், 1914 1918 சண்டைக்குக் குடுத்தது, குதிரையில இருக்கிறது செயிண்ட் ஜார்ஜ். அந்த மெடலோட விளிம்புல வாங்கினவன் பதவியும் பேரும் பொறிச்சிருப்பாங்க.

விளிம்பை யாரும் பாக்கல. ஒரு அவுன்ஸ் நல்ல வெள்ளி, அத்தை கல்யாணத்துக்கு உருக்கி மெட்டி செஞ்சுட்டாங்க. அத்தைக்கு இப்ப எண்பத்தி மூணு வயசு, பண்டாரவளையில இருக்காங்க, அந்த மெட்டியை இன்னும் போட்டிருக்காங்க. தீபாவளிக்கு கால்ல விழுறப்ப எல்லாம் கொக்குத் தொரையோட பேரு இங்கதான் இருக்குன்னு நெனச்சுக்குவேன்.

அதனால ஐயா, வர்ற ஞாயிறு சின்னதா ஒரு திருத்தம் போடுங்க, அது 1914 கைசர் காலத்து ரெண்டாம் வகுப்பு சிலுவை, கோடியும் இல்லை ஹிட்லரும் இல்லைன்னு. யார் வீட்டுலயாவது இப்படி ஏதும் இருந்தா பைக்காரனுக்குக் குடுக்கிறதுக்கு முந்தி முன்பக்கம், பின்பக்கம், முக்கியமா விளிம்பு, மூணையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து உங்க பேப்பருக்கு அனுப்பச் சொல்லுங்க. எந்தத் தோட்டம், யார் குடுத்தது, எந்த டின்ல இருந்துச்சுன்னும் எழுதி அனுப்பச் சொல்லுங்க. என்னன்னு பாத்துச் சொல்ல நான் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர்,
ஹப்புத்தளை.