கால் மரத்துப்போனால் பசை டின்னையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால் மரத்துப்போகிறது என்றதும் சர்க்கரையா, பி12 குறைவா என்று பார்க்கிறோம். சரிதான். ஆனால், வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அலமாரிக்கு லேமினேட் ஒட்டும் நம் ஊழியர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: என்ன பசை, என்ன தின்னர்?

கான்டாக்ட் பசையில் பெரும்பங்கு கரைப்பான்தான். பலவற்றில் டொலுவீன், சிலவற்றில் என்-ஹெக்சேன். இரண்டுமே தலைசுற்ற வைக்கும் என்றாலும் நரம்பு மண்டலத்தில் தாக்கும் இடம் வேறு. டொலுவீன் முக்கியமாக மூளையைப் பாதிக்கும். பல ஆண்டுகள் அதிக அளவில் சுவாசித்தால் மறதி, எரிச்சல் குணம், நிறங்களைப் பிரித்தறிவதில் தடுமாற்றம் வரலாம். ரம்பச் சத்தமும் சேர்ந்தால் காது இன்னும் விரைவாகக் கெடும்.

ஹெக்சேனைக் கல்லீரல் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. அது நரம்பிழைக்குள் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட, இழை வீங்கி உள்ளோட்டம் தடைபடுகிறது. வாய்க்கால் அடைத்தால் கடைமடைதானே முதலில் காயும்? பாதத்துக்குப் போகும் நரம்புதான் மிக நீளம். அதனால் முதலில் கால்விரல்களில் மதமதப்பு, பிறகு செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, முற்றினால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமை. தின்னரில் எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற கரைப்பான் கலந்திருந்தால் ஹெக்சேனின் கேடு கூடும்.

பலரையும் குழப்புவது இதுதான்: பசையைத் தொடுவதை விட்ட பிறகும் 2, 3 மாதங்களுக்குப் பலவீனம் கூடிக்கொண்டே போகலாம். எனவே மருத்துவரிடம் இன்றைய வேலையை மட்டுமல்ல, சென்ற ஆண்டின் வேலையையும் சொல்லுங்கள். பசையின் பாதுகாப்புத் தரவுத் தாளை நிறுவனத்திடம் கேட்டு, உட்பொருள்களைச் சொல்லும் 3ஆம் பகுதியைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே 110-54-3 என்ற எண் இருந்தால் ஹெக்சேன். 108-88-3 என்றால் டொலுவீன். கரைப்பான் உடலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்ச் சோதனையை வேலை வாரத்தின் கடைசி நாள், வேலை முடிந்ததும் செய்ய வேண்டும். விடுப்பில் ஊருக்குப் போய்வந்து செய்தால் ஒன்றும் அகப்படாது.

என்95 முகக்கவசம் தூசுக்குத்தான், ஆவிக்கு உதவாது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் (கவசத்தில் பொருத்தும் வடிகட்டி) வேண்டும். அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டை, ஐரோப்பிய முறையில் பழுப்பு. தாடி இருந்தால் கவசம் முகத்தோடு பொருந்தாது. வாசனை வரவில்லை என்பதும் பாதுகாப்பின் அடையாளமல்ல, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். கேட்ரிட்ஜைக் குறித்த கால அளவில் மாற்றத்தான் வேண்டும்.

இரு பக்கமும் பசை தடவிவிட்டுக் காயக் காத்திருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அறையில் ஆவி உச்சத்தில் இருக்கும். அப்போது அங்கேயே உட்கார்ந்து போனைப் பார்க்காமல் வெளியே போய்விடலாமே. சாதாரண மின்விசிறியை வாசல் பக்கம், நல்ல காற்று வரும் இடத்தில் வைத்து எதிர்ச் சன்னலைத் திறந்து விடுங்கள். சன்னலில் வைத்து ஆவியை இழுத்தால் மோட்டார்ப் பொறியில் தீப்பிடிக்கலாம். ஆவி காற்றைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனமானது, தரையோடு தேங்கும். அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் தலையை விட்டு ஒட்டுபவருக்குத்தான் அதிகம் போய்ச் சேரும்.

வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவும் வழக்கமும் வேண்டாம். தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.

தொழில்சார் சுகாதாரத் துறை வாசகர்,
ஜூரோங் வெஸ்ட்