மேட் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

தென்மண்டலப் பல்கலைக்கழக மகளிர் கபடிப் போட்டியின் செமியில், கடைசி ரெய்டுக்குப் போன எங்கள் பெண் யாரையும் தொடாமல், ஆடுகளத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்து அவுட் ஆனாள், நாங்கள் தோற்றோம். அதற்கு மேல் நடந்ததை நான் திரும்ப எழுதப் போவதில்லை. அந்த ரெய்டின் வீடியோ வராத போன் நம் பக்கத்தில் இல்லை. பாட்டுச் சேர்த்து, ஸ்லோ மோஷனில், சிரிக்கிற பொம்மை ஒட்டிச் சுற்றியது. இன்றுதான் பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்குப் போனார்கள். அவளும் போனாள். அந்த நிம்மதியில் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்ட ஓர் அண்ணனுக்கு. போட்டி நடந்த அரங்கில் மேட் விரிப்பதும் கழற்றுவதும் அவர் வேலை.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் மேட் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினோம். “பரவால்லடி”, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்”, “நீ இல்லன்னா செமிக்கே வந்திருக்க மாட்டோம்.” சொல்லச் சொல்ல அவள் தலை இன்னும் கீழேதான் போனது. அப்போதுதான் இந்த அண்ணன் வந்தார். மறுநாள் காலை அங்கே வாலிபால். அன்றைக்கு ராத்திரியே மேட்டை எடுத்தாக வேண்டும், கூட வேலை பார்க்கிற பையன் வரவில்லை. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, நாள் முழுக்க அங்கேதான் நின்றார். “எந்திரிம்மா. நீ உக்காந்திருக்கிறது பதினாலாம் நம்பரு. அத எடுத்தாத்தான் பதினஞ்சு வரும்” என்றார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கபடி மேட் ஒரே விரிப்பு கிடையாது. ஓரமெல்லாம் பல் வைத்த துண்டுகள், ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கிடக்கும். திரும்ப விரிக்கும்போது கோடு பிசகாமல் இருக்க, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் மார்க்கரில் எண் எழுதி வைத்திருந்தார். இவள் எழுந்து ஒன்றை வெடுக்கென்று இழுத்தாள். “இழுக்காத! பல்லு பிஞ்சா நீயா ஒட்டித் தருவ? மூலையப் புடிச்சு மேல தூக்கு” என்று ஓர் அதட்டல் போட்டார். எனக்குத் திக்கென்றது. அவளோ சிரித்துவிட்டாள். அந்த ரெய்டைத் தவிர வேறு எதற்காகவோ அன்றைக்கு அவளைத் திட்டிய ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் எண் சொல்லும் வேலையைக் கொடுத்தார். அவள் துண்டைப் புரட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவர் வரிசையாக அடுக்குவார். வாயே திறக்காமல் இருந்தவள் இருபத்தைந்து, முப்பது என்று போகப் போகக் கத்தவே ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகளும் பையைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். இடது மூலையில் நின்று பிடிக்கிற எங்கள் லெஃப்ட் கார்னர் பெண் நாலு துண்டை ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு தடுமாறியதைப் பார்த்து அரங்கமே அதிரச் சிரித்தார்கள். வண்டியில் ஏற்றி முடித்ததும், “நாளைக்கும் வாங்க, கூலி தர்றேன்” என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேச்சு. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் ஆறுதல் என்று சொன்ன ஒவ்வொன்றும் அந்த ரெய்டைத் திரும்பத் திரும்ப அவள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது என்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

வீடியோ பார்த்துச் சிரித்தவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டச் இல்லாமல் லாபியில் கால் வைத்தால் ரெய்டர் அவுட். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி என்றீர்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், ஈரானோடு 28-28 என்று நின்றபோது, புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்கிற டூ ஆர் டை ரெய்டுக்குப் போன நம் கேப்டன் பவன் செராவத்தும் இப்படித்தான் டச் இல்லாமல் லாபிக்குள் போனார். துரத்தி வந்த ஈரான்காரர்களும் உள்ளே போக, யாருக்கு எத்தனை புள்ளி என்று முடிவு செய்ய நடுவர்களுக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் 33-29 என்று ஜெயித்தோம், நல்லது. ஆனால் இவள் பத்தொன்பது வயதுப் பெண். பழகுவது மண் தரையில். நாங்கள் போடும் சுண்ணாம்புக் கோடு நாலு ரெய்டில் அழிந்துவிடும், அதற்கு மேல் கோடு எங்கே என்பது உத்தேசம்தான். இந்தப் போட்டியின் சான்றிதழை நம்பித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்று அவள் வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவள் அழுததில் அதுவும் இருந்தது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மெஸ்ஸை மூடிய பிறகும் பன்னிரண்டு பேருக்குத் தயிர்சாதம் எடுத்து வைத்திருந்த அக்கா, ஒரு மணி நேரம் முணுமுணுக்காமல் காத்திருந்த பஸ் டிரைவர், எங்களை ஜெயித்த கையோடு வந்து இவளுக்கு ஷூ லேஸ் அவிழ்த்துவிட்ட எதிரணிக் கேப்டன், வீடியோவைத் தேடித் தேடி ரிப்போர்ட் செய்த மூன்றாம் வருடப் பையன்கள், தானே முன்வந்து அதை நீக்கிய அந்தப் பேஜ்காரத் தம்பி, வருகைப்பதிவில் கை வைக்காத துறைத் தலைவர்கள், எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அவள் அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, “மீன் கொழம்பு வெச்சிருக்கேன், வா” என்று மட்டும் சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார்.

அரங்கத்துப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதை அந்த அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகளும் நானும் இரண்டு முடிவு எடுத்திருக்கிறோம். தோற்ற அன்று பஸ்ஸில் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மறுநாள் கிரவுண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், திட்டலாம். இந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது, இனி எந்த ஊரில் ஆடினாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், எங்கள் கடைசி ஆட்டம் முடிந்ததும் மேட் கழற்றுகிறவர்களுக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். நடத்துகிறவர்கள் அந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். டீ மட்டும் சொல்லி வையுங்கள், என்னையும் சேர்த்துப் பதின்மூன்று.

அன்புடன்,
மகளிர் கபடி அணியின் பி.டி. மேடம்