வராமல் போன 33

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த நியூட்ரினோ கட்டுரையை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினேன். மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான். தமிழில் இப்படி ஒரு கட்டுரை வந்ததே பெரிய சந்தோஷம். ஆனால் அதில் ஒரு வரியைத் திருத்தியே ஆக வேண்டும். 'எதிர்நியூட்ரினோவைப் பிடித்ததன் மூலம் அது அலைவுறுகிறது என்று கண்டுபிடித்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்நியூட்ரினோ என்பது அணு உலையிலிருந்து கிளம்பும், எதிலும் எளிதில் மோதாத ஒரு நுண்துகள். அலைவு என்றால் அது போகிற வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறி மாறி வருவது. பிடித்தது 1956-லேயே முடிந்த கதை. அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலைக்குப் பக்கத்தில் ரைன்ஸும் கோவனும் பிடித்துவிட்டார்கள். அலைவு தெரிய வந்தது, பிடிபட வேண்டியதில் ஒரு பகுதி பிடிபடாமல் போனதால்.

ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில், மலைக்கு அடியில், கம்லாண்ட் என்ற ஆய்வுக்கருவி 2002-ல் வேலையைத் தொடங்கியது. 13 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பலூன். அதற்குள் ஆயிரம் டன் ஒளிர்திரவம், அதாவது துகள் பட்டால் மின்னும் திரவம். சுற்றிலும் 1,800-க்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இருட்டுக்குள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அணு உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோ திரவத்தில் உள்ள ஒரு புரோட்டான் மேல் மோதினால் ஒரு பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஒரு நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே ஒரு மின்னல் தரும். நியூட்ரான் கொஞ்சம் அலைந்து திரிந்து, ஒரு நொடியில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் கழித்து, ஹைட்ரஜனிடம் சிக்கும்போது இன்னொரு மின்னல். இந்த இரட்டை மின்னல்தான் அடையாளம். ஒற்றையாக வருவதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

சராசரியாக 180 கிலோமீட்டர் தள்ளி இருந்த உலைகள் எவ்வளவு சக்தியில் ஓடுகின்றன என்ற விவரத்தை மின் நிறுவனங்களிடமே வாங்கி வைத்திருந்தார்கள். அதன்படி 145 நாளில் சுமார் 87 இரட்டை மின்னல்கள் வந்திருக்க வேண்டும். வந்தது 54. மீதி 33 எங்கே? கிளம்பும்போது எலக்ட்ரான் வகையாக இருந்தவை வழியில் வேறு வகையாக மாறிவிட்டன. மாறியதை அந்தத் திரவத்தால் பார்க்க முடியாது.

இங்கேதான் என் மாணவி ஒருத்தி எழுந்து, "மெஷின் சரியா வேலை செய்யலைன்னும் சொல்லலாமே சார்?" என்றாள். நியாயமான கேள்வி. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ குறைகிறது என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்தபோதும் பலர் இதே மாதிரிதான் சந்தேகப்பட்டார்கள். சூரியனைப் பற்றிய கணக்கே தப்பாக இருக்கலாம் என்றார்கள். உலை விஷயத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. எவ்வளவு கிளம்புகிறது என்பது உலை ஓடும் சக்தியை வைத்தே தெரியும்.

சரி, கருவியே தப்பு என்றால்? அப்படியானால் எல்லா ஆற்றலிலும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும். கம்லாண்டில் அப்படி இல்லை. 2008-ல் அவர்கள் வெளியிட்ட வரைபடத்தில், தூரத்தை ஆற்றலால் வகுத்து வைத்துப் பார்த்தால், எண்ணிக்கை இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறது. அலை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது! பழுதான கருவி இப்படி ஒழுங்காக அலை போடாது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானின் உலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டபோது கம்லாண்டின் எண்ணிக்கையும் கூடவே இறங்கியது. எண்ணிக்கொண்டிருந்தது உலைகளைத்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் சீனாவின் தயா பே அணு உலைகளுக்கு அருகே நடந்த சோதனை. கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தீர்கள், வருத்தமாக இருந்தது. ஊரில் பால் அளந்த அதே படியை எடுத்துக்கொண்டு போய் டவுனிலும் அளந்தால் படி மேல் குறை சொல்ல முடியாதல்லவா? அதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒரே மாதிரியான கருவிகளை உலைகளுக்குப் பக்கத்திலும், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் வைத்தார்கள். தள்ளி இருந்தவற்றில் எதிர்நியூட்ரினோ எண்ணிக்கை 6 சதவீதம் குறைந்தது. வெறும் 55 நாள் தரவில் கிடைத்த இந்த முடிவை 2012 மார்ச் 8 அன்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே தென்கொரியாவின் ரீனோ குழுவும் அதையே பார்த்தது. அந்தச் சிறிய குறைவு கிடைத்த தைரியத்தில்தான் 20,000 டன் திரவத்தோடு சீனாவில் ஜூனோ என்ற கருவி கட்டப்பட்டது. உலைகளிலிருந்து 53 கிலோமீட்டரில் இருக்கும் அது 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கியது. மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது மேலே, எது கீழே என்று பார்ப்பதற்காக.

திருத்தம் போடும்போது அந்த 2008 வரைபடத்தையும் கால் பக்கத்துக்காவது அச்சிடுங்கள். வெட்டியெடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். கேள்வி கேட்ட பிள்ளைக்கு அதைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.